சிறப்புப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கப் போகிறீர்களா? ஃபீஸ் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

‘உங்க பையனை இங்க வச்சுப் பாத்துக்க முடியல. ஸ்பெஷல் ஸ்கூல் ஏதாவது பாருங்க.’

எல்.கே.ஜி. பிள்ளையின் பெற்றோரை அழைத்து உட்கார வைத்து ஒரு பள்ளி இப்படிச் சொல்வது தமிழ்நாட்டில் அரிதான காட்சி அல்ல. எந்தப் பள்ளி, எங்கே, எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. அடுத்த வாரமே ஆட்டோக்காரரோ, பக்கத்து வீட்டு அக்காவோ கைகாட்டிய ஏதோ ஓரிடத்தில் பிள்ளை சேர்ந்துவிடுகிறது. ஒரு டூவீலர் வாங்க நாலு ஷோரூம் ஏறி இறங்கும் குடும்பம்கூட இந்த விஷயத்தில் முதல் கதவிலேயே நின்றுவிடும். அலட்சியம் காரணம் இல்லை. அடுத்த இடத்திலும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பயத்தில் எடுக்கும் முடிவுக்கு விலை அதிகம். பேச்சும் பழக்கவழக்கமும் வேகமாக உருவாகும் வயதில், பிள்ளை 3 ஆண்டுகள் வெறுமனே உட்கார வைக்கப்பட்டால் அந்த 3 ஆண்டுகளைத் திரும்ப வாங்க முடியாது.

சிறப்புப் பள்ளிதான் ஒரே வழியா?

இல்லை. முதலில் தெளிவாக வேண்டிய விஷயம் இதுதான்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 21 வகைக் குறைபாடுகள் அதன் கீழ் வருகின்றன. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருப்பதாகச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான எந்தக் குழந்தையும், வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தான் விரும்பும் இடத்தில் இலவசமாகக் கல்வி பெறலாம் என்கிறது அதன் 31-வது பிரிவு. ‘தான் விரும்பும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். தேர்வு செய்யும் உரிமை குழந்தைக்கும் குடும்பத்துக்கும்தான், தலைமை ஆசிரியருக்கு இல்லை. அரசு நடத்தும், அரசு நிதி பெறும், அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் மாற்றுத்திறன் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும் என்று 16-வது பிரிவு சொல்கிறது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கும் இந்தக் குழந்தைகள் விண்ணப்பிக்கலாம்.

சட்டம் இருக்கிறது என்பதற்காக வம்படியாக ஒரு பள்ளியில் உட்கார வைத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. பிள்ளையைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, பெயரைப் பதிவேட்டில் மட்டும் வைத்திருக்கும் பள்ளியால் யாருக்கும் பயனில்லை. ஆனால் எந்தக் குழந்தைக்கு எது பொருந்தும் என்பது குறைபாட்டுக்குக் குறைபாடு மாறும்.

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, அதாவது எழுத்துகள் குழம்பும், கணக்கு ஏறாது, ஆனால் பேச்சும் புத்தியும் வயதுக்கேற்ப இருக்கும் பிள்ளைக்கு, பெரும்பாலும் சிறப்புப் பள்ளியே தேவையில்லை. வழக்கமான பள்ளி, கூடவே ஒரு சிறப்பாசிரியரின் பயிற்சி, தேர்வில் சலுகை. தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு முறையான சான்றுடன் விண்ணப்பிக்கலாம். தேர்வுக்கு முந்தைய மாதம் ஓடக்கூடாது, ஒன்பதாம் வகுப்பிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகள் விஷயத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. கை கால் இறுக்கம், வாயில் எச்சில், குழறும் பேச்சு. பார்த்ததும் ‘புத்தி வளர்ச்சி இல்லை’ என்று முடிவு கட்டி, அறிவுசார் குறைபாடுள்ளோர் பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். இவர்களில் கணிசமானவர்களுக்கு அறிவுத்திறனில் குறையே கிடையாது. கம்ப்யூட்டரோ தொடுதிரையோ கொடுத்தால் பாடம் படித்து, தேர்வு எழுதி, கல்லூரி வரை போகக்கூடிய பிள்ளை 10 ஆண்டுகள் பாசி மணி கோத்துக்கொண்டிருக்கும்.

காது கேட்காத குழந்தைகளுக்கோ சிறப்புப் பள்ளிக்கான நியாயம் வலுவாகவே இருக்கிறது. சைகை மொழி தெரிந்த நண்பர்களும் ஆசிரியர்களும் ஒரே இடத்தில் இருப்பது சாதாரண விஷயமல்ல; மொழியே அங்கிருந்துதான் வருகிறது. பாளையங்கோட்டையில் 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே தொடங்கிய ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் காது கேளாதோர் பள்ளி இன்றும் பேர் சொல்வது சும்மா இல்லை. அதேசமயம் சென்னை பால வித்யாலயா போன்ற பள்ளிகள், மிகச் சிறிய வயதிலேயே காது கேட்கும் கருவியைப் பொருத்தி, கேட்டுப் பேச வைத்து, பிறகு வழக்கமான பள்ளிக்கு அனுப்பும் பாதையைப் பின்பற்றுகின்றன. இரண்டும் வேறு வேறு பாதைகள். சேரும் முன் ‘உங்க ஸ்கூல்ல சைகையா, பேச்சா, ரெண்டுமா?’ என்று கேட்டுவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்திய குழந்தை என்றால் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. அதன் பிறகு கேட்கவும் பேசவும் பயிற்சி கிடைக்காவிட்டால் அத்தனை லட்சம் மதிப்புள்ள கருவி காதோரம் சும்மா தொங்கும்.

தீவிரமான, பல்வகைக் குறைபாடு உள்ள, வீட்டைவிட்டு நகர்த்தவே முடியாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே கல்வி பெறவும் சட்டத்தில் இடம் உண்டு. வட்டார வள மையத்தில் இருந்து சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வருவார்கள். இதற்கு அருகில் உள்ள அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியர் மூலம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும்.

சர்டிஃபிகேட் வேறு, மதிப்பீடு வேறு

பலரும் ஊனச் சான்றைத்தான் ‘டெஸ்ட் ரிப்போர்ட்’ என்று நினைக்கிறார்கள். யு.டி.ஐ.டி. அட்டையில் சதவீதம் இருக்கும், அரசின் உதவிகளுக்கு அது அவசியம். ஆனால் பிள்ளைக்கு என்ன வரும், எது வராது, எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிக்கலாம் என்று அந்த அட்டை ஒரு வார்த்தை சொல்லாது. பள்ளியைத் தேர்வு செய்ய உதவுவது இரண்டாவதுதான்.

அந்த மதிப்பீட்டை எங்கே செய்வது? மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் இருக்கிறதா என்று கேளுங்கள். குழந்தைகள் மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் என எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக அமைக்கப்பட்ட மையம் அது. சென்னைப் பக்கம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனத்துக்குப் போகலாம். மத்திய அரசு 2005-ல் தொடங்கியது. தனியார் கிளினிக்குகளில் ஆயிரக்கணக்கில் செலவாகும் பரிசோதனைகளை அங்கு மிகக் குறைந்த செலவில் முடித்துவிடலாம்.

பேச்சு வராத குழந்தை என்றால் மறக்காமல் ஒரு செவித்திறன் பரிசோதனை. கூப்பிட்டால் திரும்பவில்லை, பேசவில்லை என்றதும் ‘ஆட்டிசம்’ என்று முத்திரை குத்தி, கடைசியில் காது பிரச்சினை என்று தெரியவரும் கதைகள் உண்டு.

பெயர்ப்பலகையில் ‘ஸ்பெஷல் ஸ்கூல்’ என்று இருந்தால் போதுமா?

மாடியில் 2 அறை, சுவரில் மிக்கி மவுஸ், வாசலில் ‘ஆட்டிசம் தெரபி அண்ட் ஸ்பெஷல் ஸ்கூல்’ போர்டு. இப்படி ஒன்றைத் திறப்பது இன்று ரொம்பவே சுலபம். சட்டப்படி அப்படித் திறந்துவிட முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனம் எதுவானாலும் 2016 சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் சிறப்புப் பள்ளிகள் பள்ளிக்கல்வித் துறையின் கீழ் இல்லை, மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் கீழ் வருகின்றன. அதனால் கல்வி அலுவலகத்தில் போய் விசாரித்தால் ‘எங்களுக்குத் தெரியாது சார்’ என்ற பதில்தான் கிடைக்கும். போக வேண்டிய இடம் கலெக்டர் அலுவலக வளாகத்தில் பொதுவாக இயங்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். பதிவு பெற்ற பள்ளிகளின் விவரம், அவற்றில் அரசு உதவி பெறுபவை எவை என்பதெல்லாம் அங்கே தெரியும்.

அடுத்தது ஆசிரியர். சிறப்பாசிரியராக வேலை செய்ய, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்து, அந்தக் கவுன்சிலின் மத்திய பதிவேட்டில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் மாதிரிதான் இது. நிறுவனரின் சர்டிஃபிகேட் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்கும். ஆனால் தினமும் வகுப்பில் இருப்பது பிளஸ் டூ முடித்த, எந்தப் பயிற்சியும் பெறாத ஒரு பெண்ணாக இருக்கும். அந்தப் பெண் அன்பானவராக இருக்கலாம். ஆனால் நீங்கள் கட்டும் பணம் அன்புக்கு மட்டுமல்ல. ‘என் பிள்ளைக்கு யார் வகுப்பெடுப்பாங்க, அவங்க பதிவு எண் என்ன?’ என்று கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல பள்ளிகள் இந்தக் கேள்விக்குக் கோபப்படுவதில்லை.

எண்ணிக்கையும் முக்கியம். சிறப்பாசிரியர்கள் நியமனம் தொடர்பான வழக்கு ஒன்றில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மறுவாழ்வுக் கவுன்சில் குழு பரிந்துரைத்த விகிதத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு என்றால் 5 குழந்தைக்கு ஓர் ஆசிரியர். மூளை முடக்குவாதம் என்றால் 8 பேருக்கு ஒருவர். கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 பேருக்கு ஒருவர். நீங்கள் பார்க்கப் போகும் பள்ளியில் 15 பிள்ளைகளை ஒருவர் சமாளிக்கிறார் என்றால், அங்கே நடப்பது பாடம் அல்ல, காவல்.

நேரில் போகும்போது எதைப் பார்ப்பது?

ஆண்டு விழா அன்றைக்குப் போகாதீர்கள். சாதாரண நாளில், காலை 11 மணி வாக்கில், முடிந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரை மணி நேரமாவது வகுப்பறையில் உட்கார அனுமதி கேளுங்கள். எப்போதுமே பெற்றோர் உள்ளே வரக்கூடாது, கேட்டுக்கு வெளியே நின்றுதான் பேச வேண்டும் என்பது சொல்லப்பட்டால், அதை ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறை. கம்ப்யூட்டர் லேப், சென்சரி ரூம் எல்லாம் அப்புறம். கழிப்பறையில் தண்ணீர் இருக்கிறதா, வழுக்குகிறதா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, உதவ யார் கூடப் போகிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்தப் பள்ளி குழந்தைகளை எப்படி நினைக்கிறது என்பது பாதி தெரிந்துவிடும். 6 வயதுப் பிள்ளை இன்னும் டயப்பர் போட்டிருக்கிறது என்றால், டாய்லெட் பழக்குவது அவர்கள் திட்டத்தில் இருக்கிறதா, இல்லை ‘டயப்பர் குடுத்து அனுப்பிடுங்க’ என்பதோடு சரியா என்று கேளுங்கள்.

அடுத்து சாப்பாட்டு நேரம். யார் தானாகச் சாப்பிடுகிறார்கள், யாருக்கு ஊட்டுகிறார்கள்? நேரம் ஆகிறதே என்று எல்லோருக்கும் வேக வேகமாக ஊட்டி முடிக்கும் இடத்தில், தானாகச் சாப்பிடக் கற்றுக்கொண்டிருந்த பிள்ளையும் மறந்துவிடும்.

பெரிய பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதையும் பாருங்கள். உங்கள் குழந்தைக்கு 5 வயதாக இருக்கலாம். ஆனால் அந்தப் பள்ளியின் உண்மையான தேர்ச்சி அறிக்கை அங்கிருக்கும் 14 வயதுப் பிள்ளைகள்தான். அவர்கள் இன்னும் ஏ ஃபார் ஆப்பிள் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா, இல்லை கடையில் 50 ரூபாய் கொடுத்து மீதி வாங்கவும், பஸ் நம்பர் படிக்கவும், சட்டை பட்டன் போடவும் கற்றிருக்கிறார்களா? பெண் குழந்தை என்றால், மாதவிடாய்க்கு எந்த வயதில் இருந்து தயார்படுத்துகிறார்கள் என்பதை நேரடியாகவே கேட்டுவிடலாம்.

‘என் பையன் கோபம் வந்தா அடிப்பான், என்ன பண்ணுவீங்க?’ பள்ளியை எடைபோட இதைவிட நல்ல கேள்வி கிடையாது. ‘எதனால கோபம் வருதுன்னு முதல்ல எழுதி வச்சுப் பார்ப்போம்’ என்று பதில் வந்தால் நம்பிக்கை வைக்கலாம். ‘ரெண்டு நாள்ல அடக்கிடுவோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி வைப்பது, இருட்டறையில் விடுவது, கத்தும் பிள்ளையின் வாயைப் பொத்துவது எதுவுமே பயிற்சி முறை அல்ல.

சேர்ந்த பிறகு ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் கல்வித் திட்டம் எழுதப்பட வேண்டும். அடுத்த 3 மாதத்தில் இன்னின்ன இலக்கு, அதை எப்படி அளப்பது என்று அதில் இருக்கும். எல்லாக் குழந்தைக்கும் ஒரே ஜெராக்ஸ் என்றால் திட்டமே இல்லை என்று அர்த்தம். ‘நல்லா இம்ப்ரூவ் ஆகுறான்’ என்பதும் இலக்கு ஆகாது. ‘10 முறை சொன்னால் 8 முறை தானாகச் செருப்பு மாட்டுகிறான்’ என்பதுதான் இலக்கு.

பேச்சு வராத பிள்ளைக்கு வேறு என்ன வழி வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். படம் போட்ட அட்டைகளோ, சென்னையில் உருவான ஆவாஸ் போன்ற செயலிகளோ கொடுத்தால் பேச்சே வராமல் போய்விடும் என்பது தவறான பயம். தன் தேவையைச் சொல்ல ஒரு வழி கிடைத்த பிள்ளைக்கு, கத்துவதற்கான காரணமே பாதி குறைந்துவிடும்.

மொழி விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். ‘குழந்தை குழம்பிடும், வீட்லயும் இங்கிலீஷ்லயே பேசுங்க’ என்று சில மையங்களில் அறிவுரை கிடைக்கிறது. பாட்டியும் அம்மாவும் தமிழில் பேசும் வீட்டில், கஷ்டப்பட்டுப் பிள்ளைக்கு ‘வாட்டர்’ வரவைத்து என்ன பயன்? இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வீட்டு மொழியிலேயே பயிற்சி கொடுக்கும் இடத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

பணம், தூரம்

சட்டம் இலவசம் என்கிறது, தனியார் மையங்கள் மாதாமாதம் பில் கொடுக்கின்றன. ஸ்கூல் ஃபீஸ் தனி, ஸ்பீச் தெரபி தனி, ஆக்குபேஷனல் தெரபி தனி, வேன் தனி. மொத்தமாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, இதை 10 ஆண்டுகள் தாங்குமா என்று யோசித்துச் சேருங்கள். நகையை வைத்து 2 ஆண்டுகள் பெரிய மையத்தில் படிக்க வைத்து, பிறகு முடியாமல் வீட்டில் உட்கார வைப்பதைவிட, அரசு உதவி பெறும் நல்ல தொண்டு நிறுவனப் பள்ளியில் தொடர்ச்சியாகப் படிப்பது எவ்வளவோ மேல். கோட்டூர்புரத்தில் 1985 முதல் இயங்கும் வித்யாசாகர், தென்காசி ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் போன்ற அமைப்புகள் பெரிய கட்டடத்தால் பெயர் வாங்கியவை அல்ல.

அறிவுசார் குறைபாடுடையோருக்கு, தகுதி இருந்தால், தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு உண்டு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. மருத்துவமனையில் படுத்தால்தான் என்றில்லை, தொடர் தெரபி செலவுக்கும் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இது இருப்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

தூரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் வேனில் உட்காரும் பிள்ளை, வகுப்புக்குப் போய்ச் சேரும்போதே களைத்திருக்கும். அம்மாவின் வேலையும் அதோடு போகும். சுமாரான பக்கத்துப் பள்ளியா, அருமையான தூரத்துப் பள்ளியா என்றால், பல குடும்பங்களுக்கு முதலாவதுதான் நீடிக்கும்.

‘6 மாசத்துல குணமாக்கிடுவோம்’

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ காய்ச்சல் மாதிரி வந்து போகும் நோய் அல்ல. ‘ரிவர்ஸ்’ செய்கிறோம், ஸ்டெம் செல் போடுகிறோம், தலையில் எண்ணெய் வைத்தே பேச வைக்கிறோம் என்று சொல்லும் இடத்தில் முன்பணம் கட்டாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-லேயே சொல்லிவிட்டது. ஒரு ஸ்கூலே சிகிச்சை பேக்கேஜும் விற்கிறது என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை.

விடுதிப் பள்ளி என்றால்?

வேறு வழியில்லாத குடும்பங்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் நடந்ததை வாய்விட்டுச் சொல்ல முடியாத பிள்ளையை ராத்திரியும் விட்டு வரப்போகிறோம் என்பதை மறக்கக்கூடாது. இரவில் யார் பொறுப்பு, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனி இடமா, சொல்லாமல் வந்தால் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் குளிப்பாட்டும் சாக்கில் உடம்பைப் பாருங்கள். திடீரென்று படுக்கையை நனைப்பது, ஒருவரைக் கண்டால் மட்டும் ஒதுங்குவது, ஸ்கூல் வேன் ஹாரன் கேட்டாலே அழுவது போன்றவற்றை ‘அடம்’ என்று தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் 1098-க்கு அழைக்கலாம். குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்தி நடக்கும் பாலியல் குற்றத்தைப் போக்சோ சட்டம் கூடுதல் கடுமையான குற்றமாகவே வைத்திருக்கிறது.

சேர்த்த பிறகு மாற்றலாமா?

தாராளமாக. ஒரு முறை சேர்த்தால் கடைசி வரை அங்கேயே என்று எந்த விதியும் இல்லை. 2 பருவம் கழித்து, எழுதி வைத்த இலக்குகளில் எத்தனை நிறைவேறின என்று பாருங்கள். வழக்கமான பள்ளிக்குத் திரும்பத் தயாராகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்; ‘இங்கயே நல்லா இருக்கானே’ என்று அவர்களைப் பிடித்து வைக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. பாடத்தில் முன்னேறும் பிள்ளைக்கு தேசியத் திறந்தவெளிப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுதும் வழி உண்டு. 5 பாடங்களையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, 5 ஆண்டுக்குள் பிரித்து எழுதலாம்.

14 வயதைத் தாண்டும்போது தொழிற்பயிற்சி என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்க வேண்டும். பல சிறப்புப் பள்ளிகளின் கதவு 18 வயதில் மூடிக்கொள்ளும். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு போன்றவை இருந்தால், 18-க்குப் பிறகு பெற்றோருக்கே சட்டப்பூர்வப் பாதுகாவலர் சான்று தேவைப்படலாம். அதை வழங்குவது கலெக்டர் தலைமையிலான மாவட்ட அளவிலான குழு.

பள்ளி மாறும்போது பழைய மதிப்பீட்டு அறிக்கை, தனிநபர் கல்வித் திட்டம், தெரபி குறிப்புகள் ஆகியவற்றின் நகலைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தாலோ, குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தப் பள்ளியாவது சேர்க்கை மறுத்தாலோ, ‘முடியாது’ என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தக் கடிதத்துடன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும், அங்கே நடக்கவில்லை என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் புகார் கொடுக்கலாம். எழுத்தில் கேட்டதுமே மனம் மாறும் பள்ளிகளும் உண்டு.